இடது காதுக்கு ஒரு மோல்டு

காதுக்கருவி பொருத்துகிற அந்தப் பெண் தன் இரண்டு உள்ளங்கைகளையும் எங்கள் முன்னால் விரித்தாள். ஒன்றில் இருந்தது கண்ணாடித் துண்டு போலத் தெளிவாக இருந்தது; நகத்தால் சுண்டினால் டக்கென்று சத்தம் கொடுத்தது. மற்றதில் இருந்தது தோல் உரித்த கணவாய் போல வெளுப்பாக, அழுத்தினால் அமுங்கி, விட்டால் பழைய உருவத்துக்குத் திரும்பியது. இரண்டுமே ஏதோ ஒரு பிள்ளையின் காதுக்குள் மாவு அடைத்து எடுத்த அச்சிலிருந்து செய்தவை. காதின் மடிப்பும் வளைவும், உள்ளே போகிற குட்டி மூக்கும் அப்படியே பதிந்திருந்தன. காதுக்குப் பின்னால் மாட்டுகிற கருவியிலிருந்து சத்தம் ஒரு மெல்லிய குழாய் வழியாக இந்த மோல்டுக்குள் வந்து, அங்கிருந்துதான் காதுக்குள் போகும். மோல்டு சரியாகப் பொருந்தாவிட்டால் ஓரத்தில் சத்தம் கசிந்து கீச்சென்று கத்தும். கெட்டி, மெத்து என்று இரண்டு வகை உண்டு, என் மகளுக்கு எது வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். மகளுக்கு அப்போது ஏழு வயது. ராமநாதபுரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த அந்தச் சின்ன அறையில் நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் கையை நீட்டிக் கெட்டியானதை எடுத்துவிட்டார்.

எடுக்க அவருக்கு உரிமை இருந்தது. எங்கள் ஆட்களில் பெண்பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில் வைத்துத்தான். முதல் தோடு போடுவதும் அவர்தான். ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக யார் வேண்டுமானாலும் நிற்கலாம், காது மட்டும் மாமனுக்கு உரியது. ஒரு வயதில் என் மகளுக்குக் காது குத்தியபோது அவள் என் அண்ணன் மடியில் இருந்தாள். ஆசாரி ஊசியை இறக்கியதும் குழந்தை அழுததைவிட அண்ணன் அழுததைத்தான் கோவிலுக்கு வந்த சனம் ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தது. பிறகு மூன்று வயதில் அவளுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை, வலது காது மிக மோசம், இடது பரவாயில்லை என்று மருத்துவர் சொன்னபோது, அண்ணன் அந்தச் செய்தியையும் தன் பொறுப்பாகவே எடுத்துக்கொண்டார். "காதுல என்ன ஏறுனாலும் அது மாமன் செஞ்சதா இருக்கணும்" என்றார். என் கணவர் வளைகுடாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறார். போனில் கேட்டால், "உங்க அண்ணன் சொல்றபடி செய்யி, எனக்கு இங்கன இருந்து என்ன தெரியும்" என்பார். அதனால் அன்றைக்கும் அண்ணன்தான் எங்களைப் பேருந்தில் ஏற்றி, கடல்மேல் போகிற பாலத்தைத் தாண்டும்போது மகளை ஜன்னலோரம் பிடித்துக்கொண்டு, ராமநாதபுரம் வரை கூட்டிவந்தார்.

அவர் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர். அக்காள்மடத்தில் எங்கள் வீடு மெயின் ரோட்டுக்கு இந்தப் பக்கம். ரோட்டைத் தாண்டிக் கடலைப் பார்த்து அவருடைய கொட்டகை. பாறையில் மோதிப் பிளந்த படகைக் கவிழ்த்துப் போட்டு, உடைந்த இடத்தைத் தேய்த்து, கண்ணாடி நார் விரிப்பை வைத்து, மேலே ரெசின் என்கிற பிசினை ஊற்றி இறுக விடுவார். கையில் எப்போதும் அந்த நெடி இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நார்த்தூள் குத்தி முழங்கை வரை சிவந்திருக்கும். கைவைத்த படகு மறுபடியும் அதே இடத்தில் ஒழுகியதில்லை என்பதில் அவருக்குப் பெருமை. "எங்கன கசியுதுன்னு தெரிஞ்சா போதும், மிச்சம் என் வேல" என்பார். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதை அவர் சுண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்வார். சத்தம் கணீரென்று வந்தால் நல்லது.

"தங்கச்சி, இது எத்தன வருசம் ஓடும்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

"ஓடுறதுக்கு இது என்ஜின் இல்லண்ணே, காது. பிள்ளைக்குக் காது வளந்துக்கிட்டே இருக்கும்ல. எதப் போட்டாலும் ஆறேழு மாசத்துக்கு ஒருக்கா வந்து புது அச்சு எடுக்கணும்."

"வளரட்டும், நாங்க என்ன வேணாங்கவா போறோம்? ஆனா இது என்ன தங்கச்சி, வெந்த கணவா மாதிரி கொழகொழன்னு. உப்புக் காத்துல ஒரு மாசம் தாங்குமா?"

அவள் சிரித்தாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கெட்டி மோல்டு நாள்படத் தாங்கும், துடைப்பது சுலபம், எங்காவது உறுத்தினால் தேய்த்துச் சரி செய்யலாம் என்று அதன் நியாயத்தையும் சொன்னாள். மெத்து மோல்டைத் தேய்க்க முடியாது, கிழிந்தால் புதிதுதான். ஆனால் காதோடு ஒட்டி உட்காரும், சத்தம் கசியாது. "பிள்ளைங்களுக்கு நான் மெத்துதான் சொல்லுவேன். ஓடும், விழும், பந்து படும். கெட்டிய போட்டிருக்க காதுல ஒரு அடி பட்டா அது உள்ள இறங்கிக் கிழிச்சிரும்ணே." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தாள். "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. எல்லார்ட்டயும் கேக்குறதுதான். வீட்ல யாராச்சும் பிள்ளைய கன்னத்துல அடிக்கிற பழக்கம் உண்டா?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "இவளயா? இவ மேல கை வைக்க எவனுக்குத் தைரியம்? வச்சான்னா அந்தக் கைய முறிச்சு அடுப்புல சொருகிருவேன்." மகளுக்கு அது கேட்கவில்லை. மாமா சிரிக்கிறார் என்று அவளும் சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இல்ல மேடம்" என்றேன். அவள் தாளில் இடது காது, கெட்டி என்று குறித்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அடிப்பது ஒரு பழக்கமாக யாருக்கும் தோன்றியதில்லை. அது பேச்சோடு பேச்சாக வரும். அண்ணனுக்குப் பதினொரு வயது, எனக்கு ஏழு இருக்கும்போது, எங்களைப் பெற்ற அய்யாவின் வத்தைப் படகை அண்ணன் கட்டிய கயிறு அவிழ்ந்து, வாடைக் காற்றில் அது இழுபட்டுப் போய்ப் பாறையில் இடித்துப் பலகை பெயர்ந்துவிட்டது. அய்யா கரையேறி வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை. "கைய பின்னால கட்டு" என்றார். அண்ணன் கட்டினார். கையைத் தூக்கி மறைத்தால் அடி கூடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஈரப் பாயைக் காற்று அறைவது போல ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மூன்றாவதில் அண்ணன் மணலில் உட்கார்ந்துவிட்டார். அய்யா சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி நான்காவதையும் கொடுத்தார். அய்யா வலதுகைக்காரர். எதிரே நிற்பவனுக்கு எல்லாம் இடது காதிலேயே விழுந்தன. மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "போதும்யா, பய செத்துக்கித்துப் போயிரப் போறான்" என்றாள். இன்னொருத்தி அதற்குச் சிரித்தாள். காதிலிருந்து ஒரு நூல் அளவுக்கு ரத்தம் இறங்கிக் கழுத்தில் காய்ந்தது. அம்மா எண்ணெய் காய்ச்சி ஊற்றினாள். இரண்டு வாரம் சீழ் வடிந்தது. அதன்பிறகு அந்தக் காது அவருக்கு இல்லை. பின்னாளில் அதைக் கேலியாகவே சொல்வார்: "இந்தப் பக்கம் அய்யா தாழ்ப்பாள் போட்டுட்டுப் போயிட்டாரு, வலப்பக்கமா வாங்க." அய்யா மேல் ஒரு வருத்தமும் அவருக்கு இருந்ததாக நான் பார்த்ததில்லை. கயிற்றை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பு. என் மதினியும் அவர் கை நீட்டியதால்தான் கல்யாணமான இரண்டாம் வருடமே தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. அதற்கும் அவர், "நான் என்ன கம்பாலயா அடிச்சேன்?" என்றுதான் கேட்டார்.

என்னைப் பற்றியும் எழுதிவிட வேண்டும். நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. கம்பு வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்ன பிறகு அளவுகோல் வைத்துக்கொண்டேன். அதுவும் கூடாது என்றபோது கை இருந்தது. மகளுக்கு இரண்டு வயது, இரண்டரை வயது இருக்கும். முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிடிவாதம், அப்படியே அவள் மாமன் புத்தி என்று நினைத்தேன். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தின் பக்கத்தில் நின்று கை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். நான்கு தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது தடவை கூப்பிடாமல் போய் ஓங்கி ஒன்று வைத்தேன். அவள் திரும்பிப் பார்த்த முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. எங்கிருந்து விழுந்தது, எதற்கு விழுந்தது என்று ஒன்றுமே தெரியாத முகம். காது கேட்காத பிள்ளையைக் கேட்கவில்லை என்று அடித்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை, ஒரு வருடம். அந்தத் துணிக்கடை மாடியில் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு நான் இல்லை என்றது அண்ணனைக் காப்பாற்ற மட்டும் இல்லை.

முதல் ஏழெட்டு மாதம் அந்தக் கெட்டி மோல்டு நன்றாகத்தான் இருந்தது. கோவில் மணி அடிக்கும்போது மகள் என் சேலையை இழுத்து மேலே காட்டுவாள். குக்கர் விசிலுக்கு ஓடி வருவாள். அண்ணனின் கொட்டகையில் மிஷின் வைத்துத் தேய்க்கும்போது காதைப் பொத்திக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்காகவே அவர் இரண்டு தடவை தேய்ப்பார். பிறகு அந்தப் பெண் சொன்னபடியே காது வளர்ந்தது, மோல்டு வளரவில்லை. வாயை அசைத்தால், தலையைத் திருப்பினால், தலையணையில் சாய்ந்தால் கீச்சென்று கத்தத் தொடங்கியது. வகுப்பில் பிள்ளைகள் அவளை விசில் என்று கூப்பிட்டார்கள். எனக்கு முழுப்பரீட்சை நேரம். லீவு போட முடியவில்லை. அடுத்த வாரம் போகலாம், அதற்கடுத்த வாரம் போகலாம் என்று தள்ளினேன். அண்ணன் ஒரு நாள் அந்த மோல்டைக் கையில் வாங்கி, வெயிலுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"ஏ புள்ள, இதுக்குப் போயி ராம்நாடு வரைக்கும் போவியா? கசிவுதான? சத்தம் வெளிய வருதுன்னா இங்கன எங்கயோ இடவெளி இருக்கு. இந்த ஓரத்துல ஒரு பூச்சு ஏத்துனா அடங்கிரும்."

"வேணாம்ண்ணே, காதுக்குள்ள போறது."

"கடலுக்குள்ள போறதுக்கே பூசுறேன். இத்தினிக்காண்டு காதுக்குப் பூச மாட்டேனா?"

படகுக்குக் கலப்பதுபோலவே ஒரு மூடியில் ரெசினும் அதை இறுக வைக்கிற ஹார்டனரும் கலந்து, குச்சியில் தொட்டு, மோல்டின் மூக்கைச் சுற்றி மெல்லிசாக ஏற்றினார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, தன் புறங்கையில் வைத்து உரசிப் பார்த்து, மறுபடி தேய்த்தார். ஒரு மணி நேரம் அந்தச் சுண்டுவிரல் நுனி அளவுப் பொருளோடு மல்லுக்கட்டினார். ஐம்பது அடிப் படகுக்குக்கூட அவ்வளவு பொறுமை காட்டியதில்லை. மகள் காதில் மாட்டியபோது கத்தல் நின்றுவிட்டது. அதுதான் எங்களைக் கெடுத்தது. ஒரு நாளிலேயே மறுபடி கத்தியிருந்தால் நான் பேருந்து ஏறியிருப்பேன். அக்கம்பக்கத்தில் எல்லாரும் அண்ணனின் கையைப் புகழ்ந்தார்கள். அவர் மகளின் தலையைத் தட்டி, "என்னத்தா, மாமன் வேல எப்புடி?" என்று கேட்டார். அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். நானும் அந்த வருடம் ராமநாதபுரம் போவதை மறந்துவிட்டேன்.

அந்தப் பூச்சு படகில் பிடிப்பதுபோல மோல்டில் பிடிக்கவில்லை. வியர்வையிலும் காதின் ஈரத்திலும் ஓரமாகப் பிளந்து எழும்பியது. சின்னச் சின்னச் சில்லாக உதிர்ந்தது. அண்ணன் மறுபடி பூசினார். அதன்மேல் மறுபடி. ஒவ்வொரு பூச்சுக்கும் அந்த மூக்கு தடித்துக்கொண்டே போனது. மகள் காது உறுத்துகிறது என்று சொல்லத் தெரியாமல், அல்லது மாமாவுக்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்து, வேறொரு வழி கண்டுபிடித்தாள். கத்தலும் வேண்டாம், உறுத்தலைப் பற்றிய கேள்வியும் வேண்டாம் என்று கருவியை மாட்டிக்கொண்டே அணைத்து வைத்துவிடுவாள். பார்ப்பவர்களுக்குக் கருவி காதில் இருக்கும். உள்ளே ஒன்றும் கேட்காது. எனக்கு அது தெரியவந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான்.

பூசை முடிந்து வந்துகொண்டிருந்தோம். அண்ணன் முன்னாலேயே வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மகள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். ராமேஸ்வரம் போகிற வேன் ஒன்று ஆட்களை அடைத்துக்கொண்டு வேகமாக வந்தது. ஹாரன் விடாமல் அலறியது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பத்தடி தூரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். அவள் திரும்பவில்லை. மாமாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனாள். டயர் ரோட்டில் தேய்ந்து, கருகல் நாற்றம் எழுந்து, வேன் குலுங்கி நின்றபோது, அதன் முன்பக்கம் அவள் கவுனின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் இடைவெளி. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "செவிட்டு மூதேவி, சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சதா!" என்றான்.

அண்ணன் அவனிடம் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனை இழுத்துப் போட்டு மிதித்திருந்தால்கூட இன்றைக்கு எனக்கு அது பெரிதாகத் தெரிந்திருக்காது. அவர் நேரே மகளிடம் வந்தார். இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினார். அவர் உதடு வெள்ளையாகிவிட்டிருந்தது. "ஏன் கேக்கல? ஆரன் அடிக்கிறான்ல, ஏன் கேக்கல? ஏன்டி கேக்கல?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே கை போய்விட்டது. வலது கை. படகுப் பலகையைத் திருப்புகிற கை. நான் ரோட்டின் நடுவில் இருந்தேன். காய்ந்த சிப்பியை மிதித்தால் வருகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. மகள் அழவில்லை. அண்ணாந்து அவரையே பார்த்தாள். பிறகு கையைக் காதில் வைத்தாள். விரல்களுக்கு நடுவிலிருந்து ரத்தம் வந்தது. அய்யா காலத்தில் வந்த மாதிரி நூல் அளவு இல்லை. பூசைக்குப் போட்ட வெள்ளைக் கவுனின் தோள் முழுவதும் நனைந்து இடுப்பு வரை இறங்கியது. அந்த ஓட்டுநர்தான் இறங்கி வந்து, "ஏறுங்கக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான்.

மருத்துவர் என்னிடம் என்ன நடந்தது என்று கேட்டார். "பந்து பட்டுருச்சு" என்றேன். அவர் இடுக்கியால் ஒவ்வொரு துண்டாக எடுத்து ஒரு தட்டில் போட்டார். நான்கு பேர் மகளின் கையையும் காலையும் பிடித்துக்கொண்டோம். தெளிவான துண்டுகளும், அவற்றோடு பழுப்பு நிறத்தில் ரெசின் சில்லுகளும் இருந்தன. சில்லுகளின் ஓரம்தான் கத்தி மாதிரி இருந்தது. அவை உள்ளே இறங்கி வழியெல்லாம் கிழித்து, செவிப்பறையையும் கிழித்துவிட்டன. மருத்துவர் தட்டை என் பக்கம் நகர்த்தி, "பந்து பட்டா இப்படி உடையாதும்மா" என்றார். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் எட்டுப்பேர் காத்திருந்தார்கள். அண்ணன் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் மதியம் நான் கொட்டகைக்குப் போனேன். படகுக்கு முட்டுக்கொடுக்கிற சவுக்குக் கம்பு ஒன்று சாத்தியிருந்தது. அதை எடுத்தேன். முதல் அடி அவர் தோளில் விழுந்தது. அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயது மனிதர், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். தலையைத் திருப்பி இடது பக்கத்தைக் காட்டினார். "இந்தப் பக்கம் அடி புள்ள. இதுல போறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல" என்றார். அடித்தேன். முதுகில், கையில், காலில், அவர் சொன்ன பக்கத்திலும். மனிதரை அடிப்பது இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று எனக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். கையில் சிராய் ஏறி, கம்பு வழுக்கிக் கீழே விழுந்தபோதுதான் வாசலைப் பார்த்தேன். மகள் நின்றுகொண்டிருந்தாள். தலையைச் சுற்றிக் கட்டு, காதில் கருவி இல்லை. எங்களுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் நடந்ததாகத்தான் அவளுக்கு அது இருந்திருக்கும். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

அண்ணன் அந்த வாரமே கொட்டகையைப் பூட்டிவிட்டுக் கேரளப் பக்கம் ஒரு படகுத் துறைக்கு வேலைக்குப் போய்விட்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு மகளுக்கு ஒரு ஜோடித் தோடு ஆள் மூலம் வந்தது. நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவரை வெறுக்க முயன்று பார்த்துவிட்டேன். மகளுக்கு டைபாய்டு வந்தபோது ஒன்பது நாள் அவள் கட்டிலின் கீழே படுத்துக்கிடந்தவர் அவர். ஒரு மணி நேரம் உட்கார்ந்து அந்த மோல்டைத் தேய்த்ததும், அதைப் போட்டிருந்த காதிலேயே அறைந்ததும் ஒரே கை. இரண்டையும் பிரித்து வைத்து ஒன்றை மட்டும் நினைக்க எனக்கு வரவில்லை.

காது ஆற ஐந்து மாதம் ஆனது. அதுவரை இடது காதில் எதையும் மாட்டக் கூடாது. ஓரளவாவது கேட்கிற காது அதுதான். பரிசோதித்தபோது அதில் முன்பிருந்ததில் ஒரு பகுதி போய்விட்டிருந்தது. அது திரும்ப வராது. அதன்பிறகு மறுபடி அந்தத் துணிக்கடை மாடிக்குப் போனோம். அந்தப் பெண் பழைய அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. நானே சொன்னேன். அண்ணன் பூசியதை, அறைந்ததை, மருத்துவரிடம் பந்து என்று சொன்னதை, அன்றைக்கு அவள் கேட்டபோது இல்லை என்றதை, தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் நான் அடித்ததை. அவள் மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். மகளின் காதுக்குள் முதலில் நூல் கட்டிய பஞ்சை வைத்து, பிறகு மாவை மெதுவாக அடைத்தாள். மகள் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். "இனி ரெண்டு காதுக்கும் வேணும், மெத்துலயே செஞ்சுருவோம் டீச்சர்" என்றாள் அவள். "ஆனா மெத்து போட்டாலும் அடி அடிதான்." மகளுக்குப் பிடித்த நிறம் கேட்டாள். நீலம் என்று மகள் காட்டினாள்.

அந்த நீல மோல்டுகள் இப்போது இரண்டு காதிலும் இருக்கின்றன. மாதம் தவறாமல் நான் பார்க்கிறேன். விரலால் அமுக்கி, ஓரம் கிழிந்திருக்கிறதா, குழாய் மஞ்சளாகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். கொஞ்சம் கத்தினாலும் அன்றைக்கே லீவு போட்டு ராமநாதபுரம் போகிறேன். பள்ளியில் யாராவது ஒரு பிள்ளையின் மேல் கை ஓங்கினால் ஓடிப்போய் நடுவில் நிற்கிறேன். நான் இனிமேல் யாரையும் அடிக்கிற ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன சனிக்கிழமை மதியம் சாப்பிடக் கூப்பிட்டபோது மகள் வீட்டில் இல்லை. பின்பக்கம் இல்லை, பக்கத்து வீட்டில் இல்லை. ரோட்டோரம் வந்து பார்த்தால், அந்தப் பக்கம், பூட்டிக்கிடக்கிற கொட்டகை வாசலில் நிற்கிறாள். தனியாக அந்த ரோட்டைத் தாண்டிப் போயிருக்கிறாள். பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு வேன்களும் ஒரு பேருந்தும் போயின. தாண்டிப் போய் அவள் கையைப் பிடித்துத் திருப்பினேன். "எத்தன தடவ சொல்லியிருக்கேன்? எத்தன தடவ?" என்று கத்தினேன். என் வலது கை மேலே போயிருந்தது. அதை நான் தூக்கியதாகவே எனக்குத் தெரியவில்லை.

மகள் அழவில்லை, ஓடவில்லை. அவசரப்படாமல் முதலில் இடது காதிலிருந்து, பிறகு வலது காதிலிருந்து கருவிகளைக் கழற்றினாள். பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல், மணல் இல்லாத இடமாகப் பார்த்து, இரண்டையும் வைத்தாள். வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அடிக்க மாட்டேன்" என்றேன். "அடிக்கல தாயி, அம்மா அடிக்கல." மண்டியிட்டு அவள் முகத்துக்கு நேராக, வாயை நன்றாக அசைத்து, மறுபடியும் மறுபடியும் சொன்னேன். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை அவள். ஆனால் அவள் என் வாயைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.